வேண்டாம் என்று சொல்லிப் பழகியவள்

நாற்பத்தாறு வயதில் நான் வணிகம் படிக்கப் போனேன். ஆசைப்பட்டுப் போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தோள்மூட்டுப் பழுதானதால்தான் போனேன்.

அதற்கு முன் பதினேழு வருடம் ஒரு மருத்துவமனையின் நிலவறைச் சமையலறையில் வேலை செய்தேன். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் ஓடும் பட்டியில் வரிசையாக வரும். ஒருத்தி உருளைக்கிழங்கு வைப்பாள், ஒருத்தி சோஸ் ஊற்றுவாள், நான் மூடியைப் போட்டுத் தட்டைத் தூக்கி வண்டிக்குள் செருகுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு என்று நான் எண்ணியதில்லை. என் வலது தோள் எண்ணி வைத்திருந்தது. கடைசியில் தலை பின்னக்கூடக் கை மேலே போகவில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் கோப்பைப் பார்த்த அதிகாரி, இலேசான துப்புரவு வேலை ஏதாவது தேடலாம் என்றார். துப்புரவு வேலையில் இலேசு எங்கே இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஜெர்மன் இலக்கணம் எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் கத்தினேன். எனக்குக் கதிரையில் இருந்து செய்யும் வேலை வேண்டும், அதற்குப் படிப்பு வேண்டும் என்றேன். "உங்கள் வயதில் இரண்டு வருடப் படிப்பா?" என்றார். மூன்று டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்து மூன்று முறை போய்ச் சண்டை பிடித்த பிறகு கையெழுத்துப் போட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியும். மறுத்தால் விடமாட்டேன். ஆனால் ஒருவர் தானாகவே முன்வந்து தந்தால் அதை வாங்கத் தெரியாது. இந்தக் குறை எனக்கு இருக்கிறதென்று அப்போது எனக்கே தெரியாது.

தொழிற்கல்லூரி கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டிலிருந்து ட்ராமில் பதினொரு நிமிடம். முதல் நாள் வட்டமாக இருத்திவைத்து ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். மாவு ஒவ்வாமை வந்து பேக்கரி வேலையை விட்ட, பனைபோல உயர்ந்த நெடுவல் ஒருவன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். அவன்தான் வகுப்பில் எனக்கு அடுத்த முதியவர். அவனிடம் அதைச் சொன்னேன், சிரித்தான். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே மேசை.

முதல் சோதனையில் எனக்கு ஐந்து. இங்கே ஒன்றுதான் நல்ல புள்ளி, ஐந்து என்றால் கோட்டை விட்டாயிற்று என்று அர்த்தம். தாளைத் திருப்பித் தந்தபோது பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை. பார், நன்றாகப் பார், அடுத்த முறை வேறு இலக்கம் பார்ப்பாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது வேறு விஷயம்.

என் கணவருக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் காலை வேலை. விடிய நாலரைக்கு வீட்டை விட்டு இறங்குவார். அவரோடு நானும் எழும்பி, அவர் போனதும் குசினி மேசையில் புத்தகத்தை விரிப்பேன். ஒரு பக்கத்தை மூன்று தரம் வாசிப்பேன். முதல் தரம் சொற்களுக்கு, இரண்டாம் தரம் பொருளுக்கு, மூன்றாம் தரம் சத்தமாக. சின்ன வயதில் வாய்ப்பாடு பாடமாக்கிய அதே இராகத்தில் நிறுவன வகைகளையும் கொள்வனவு முறைகளையும் பாடமாக்கினேன். கார்ஹிங் நகரில் தங்கிப் பொறியியல் படிக்கும் மகள் ஒருநாள் தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்கள் தேவாரம் பாடுறீங்களோ, சந்தைப்படுத்தல் படிக்கிறீங்களோ?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

மெல்ல மெல்ல ஐந்து நான்காகி, நான்கு மூன்றானது. உனக்குத் தெரிந்த ஒரு வியாபாரத்தைப் பற்றி எழுது என்று ஒருமுறை வீட்டுவேலை தந்தார்கள். நான் எங்கள் தமிழ்க் கடையைப் பற்றி எழுதினேன். அந்தக் கடைக்காரர், "முருங்கைக்காய் இண்டைக்கு எடுக்காதேங்கோ அக்கா, வெள்ளிக்கிழமை நல்லது வரும்" என்று தன் பொருளைத் தானே வாங்கவேண்டாம் என்பார். அப்படிச் சொல்வதால்தான் நாங்கள் வெள்ளிக்கிழமையும் அங்கேயே போகிறோம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். இரண்டு கிடைத்தது. வணிகச் சட்டம் படிப்பித்த ஆசிரியை அதை வகுப்பில் வாசிக்கவும் வாசித்தார்.

அந்த ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பெய்தாலும் சைக்கிளில்தான் வருவார். இடைவேளையில் கரட்டைக் கடித்துக்கொண்டே எங்கள் கேள்விக்குப் பதில் சொல்வார். சுற்றி வளைக்கமாட்டார். ஒப்பந்தம் எப்படி உண்டாகிறது என்று அவர் படிப்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் ஒன்றைத் தருவதாக முன்வைக்கிறார். மற்றவர் ஓம் என்றால் ஒப்பந்தம். வேண்டாம் என்றால் அந்தக் கணமே முன்வைத்தது இல்லாமல் போய்விடும். மறுநாள் மனம் மாறி வந்து, "சரி, தாருங்கள்" என்று கேட்டால் முதல் ஆள் தரவேண்டிய கட்டாயம் இல்லை. சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி. நான் கையை உயர்த்தினேன்.

"அவர் ஒருமுறைதான் கேட்பாரா?"

"ஒருமுறை போதும்தானே" என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. பகிடி விட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் அந்த வரியையும் மூன்று தரம் வாசித்துப் பாடமாக்கினேன். சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தேன்.

அந்தச் சோதனை முடிந்த கிழமைதான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் படிப்பில் ஆறு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். ப்ராக்டிகும் என்பார்கள். அந்த இடத்தை நாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். குறித்த நாளுக்குள் கையெழுத்து வைத்த தாள் வராவிட்டால் படிப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள், கடைசிப் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். நான் முப்பதுக்கு மேல் விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை, மீதிப் பேர் வருந்துகிறோம் என்று எழுதினார்கள். அப்போது ஒருநாள் இடைவேளையில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். குளியலறைப் பொருள்கள் மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்று, அவருக்குத் தெரிந்தவர்கள், அலுவலகத்தில் ஓர் இடம் இருக்கிறது.

"உங்களுக்குச் சரிவருமா?" என்று கேட்டார்.

என் நெஞ்சு துள்ளியது. ஆனால் வாய் வேறு வேலை பார்த்தது. "ஐயோ, பரவாயில்லை, வேண்டாம். வேறு பிள்ளைகளும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுங்கள்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போகிறோம். கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். "இல்லை இல்லை, இப்பத்தான் குடிச்சிட்டு வாறன்" என்கிறோம். தொண்டை காய்ந்து கிடந்தாலும் அதுதான் முதல் பதில். வீட்டுக்காரர் அதைக் காதில் போடாமல் மறுபடி கேட்பார், அல்லது கேட்காமலே கொண்டுவந்து வைப்பார். முதல் கேள்விக்கே ஓம் என்று பாய்கிறவரை, "கண்டறியாத ஆள் மாதிரி" என்று பின்னால் சொல்லுவார்கள். எனக்கு அப்படி ஊறிப் போயிருந்தது. ஆசிரியை இரண்டாம் தரம் கேட்பார், நான் கொஞ்சம் தயங்குவேன், பிறகு சம்மதிப்பேன். கணக்கு அப்படித்தான்.

"சரி" என்றார் ஆசிரியை. கரட்டின் மிச்சத்தை வாயில் போட்டார். நேரே எங்கள் மேசைக்குப் போய் பேக்கரி நெடுவலிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவன் கேள்வி முடியும் முன்னே ஓம் என்றான்.

நான் அதே இடத்தில் நின்றேன். சிரிப்புக்கூட இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை.

பின்னேரம் வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் எண்டு நீரே சொன்னனீரோ?"

"ஒருக்காத்தானே சொன்னனான்!"

"அவைக்கு ஒருக்காச் சொன்னால் காணும்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "எனக்கும் இப்பிடித்தான் நடந்தது. வந்த புதுசிலை, முகாமிலை இருக்கேக்கை, ஒரு கிழவன் நல்ல கம்பளிக் கோட் ஒண்டு கொண்டுவந்து நீட்டினவர். நான், பரவாயில்லை ஐயா, வேண்டாம் எண்டன். மனுசன் மடிச்சுக் கையிலை போட்டுக்கொண்டு போட்டுது. அந்தப் பனிக்காலம் முழுக்க அந்தக் கோட்டை நினைச்சு நினைச்சுத்தான் நடந்தனான்."

"உங்களுக்குச் சிரிப்பாக் கிடக்கோ? எனக்கு மூண்டு கிழமைதான் இருக்கு. இடம் கிடைக்காட்டி எல்லாம் போச்சு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார். "நாளைக்குப் போய் வேணும் எண்டு கேளுமன். வாய் இருக்குத்தானே" என்றார்.

மறுநாள் போய்க் கேட்டேன். அந்த இடம் எனக்கு வேண்டும் என்றேன். ஆசிரியை என்னைப் புரியாமல் பார்த்தார். "ஆனால் நீங்கள் வேண்டாம் என்றீர்கள்" என்றார். அது முதல் வேண்டாம், எங்கள் ஊரில் முதல் வேண்டாம் கணக்கில் வராது என்று சொல்ல முயன்றேன். ஜெர்மனில் சொல்லும்போது அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. தாளில் கையெழுத்து வைத்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவருக்கும் முகம் வாடியது. நான் முழுப் புள்ளி எடுத்த பாடம்தான் அது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

யார் சொன்னார்களோ, மத்தியானம் நெடுவல் என்னிடம் வந்தான். "உங்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேறு தேடுகிறேன்" என்றான். அவனுக்குச் சின்னப் பிள்ளை ஒன்று இருந்தது. அவனும் என்னைப் போல மாதக் கணக்காக விண்ணப்பம் எழுதிக் களைத்தவன். வேண்டாம் என்றேன். இந்த முறை உண்மையாகவே சொன்னேன். நன்றி என்று சொல்லிப் போய்விட்டான். அன்றைக்கு மட்டும், அவன் இரண்டாம் தரம் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்தேன். கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன்.

பிறகு நான் எழுதுவதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினேன். வகுப்பு முடிந்ததும் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொழிற்பேட்டையில் கதவு கதவாக ஏறினேன். மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனத்தில் எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள். சாரதிப் பயிற்சிப் பள்ளியில் ஆள் எடுப்பதில்லை என்றார்கள். பல் கட்டும் ஆய்வுகூடத்தில் ஒருத்தி என்னைக் கண்டதும், துப்புரவுக்காரர் பின்பக்கத்தால் வரவேண்டும் என்று வழி காட்டினாள். அவளிடம் என் சான்றிதழ்களை மேசையில் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிவிட்டு, ஒவ்வொன்றாக மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். இடம் கிடைக்கவில்லை, ஆனால் அவள் எல்லாவற்றையும் வாசிக்கும்வரை நான் நகரவில்லை. இப்படியே நாள் போய், ஒன்பது நாள் மிச்சமிருந்தது.

"உம்மடை ஆசுப்பத்திரியிலை கேட்டால் என்ன?" என்றார் கணவர்.

"அந்த வாசலை நான் மிதிக்கமாட்டன்."

அது வீம்புதான். காரணமும் இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் சமையலறைக்கு மேலே, உணவுப் பொருள்களுக்கு ஓர்டர் கொடுக்கும் அலுவலகத்தில் ஓர் இடம் வந்தது. கணினி முன் இருந்து செய்யும் வேலை. எங்கள் சமையலறைப் பொறுப்பாளர் ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி. அவர் அந்த இடத்தை என்னிடம் வேலை பழகிய ஒருத்திக்குக் கொடுத்தார். எனக்குப் பின்னால் வந்தவள், சோஸ் கரண்டி எங்கே இருக்கிறதென்று நான் காட்டிக் கொடுத்தவள், மேலே போய் இருந்தாள். நான் கீழே தட்டுத் தூக்கினேன். கறுப்பிக்குக் கீழேதான் இடம் என்று நினைத்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். அந்த மனுஷியை வயிறெரியத் திட்டினேன், வீட்டில், தமிழில், வருடக் கணக்காக. என் தோள் வலிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் வரும். அவர் ஓய்வு பெற்றுப் போன அன்று எல்லோரும் கேக் வெட்டினார்கள். நான் போகவில்லை. கீழே வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்பது நாள் என்றால் ஒன்பது நாள்தான். வீம்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

பணியாளர் பிரிவு மூன்றாம் மாடியில். பதினேழு வருடத்தில் அங்கே நான் இரண்டு முறைதான் ஏறியிருக்கிறேன். குளிர்காலத்திலும் அரைக்கைச் சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர் அங்கே இருந்தார். நான் யார், என்ன படிக்கிறேன், என்ன வேண்டும் என்று மூன்றையும் நின்றபடியே சொன்னேன். பணிவாகக் கேட்டுவிட்டு, இப்போது பயிற்சிக்கு இடமில்லை என்றார்.

மறுநாள் காலை மறுபடி போனேன். ஜெர்மன்காரர் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான் என்று நான் சூடுபட்டுப் படித்தவள். ஆனால் வேண்டாம் என்ற ஆளிடம் மறுபடி போய்க் கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

"நேற்றே சொன்னேனே" என்றார்.

"ஓம். நேற்றுக் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்" என்றேன். "நாளைக்கும் வருவேன்."

மூன்றாம் நாள் அவர் கதிரையைக் காட்டினார். மேசையில் என் பெயர் போட்ட கோப்பு இருந்தது. இப்படி விடாமல் வருகிற ஆள் யார் என்று அறிய எடுத்துப் பார்த்தாராம். அதில் ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். வருடாந்தம் பொறுப்பாளர் ஒவ்வொரு பணியாளரோடும் இருந்து பேசி நிரப்பும் படிவம். பதினொரு வருடப் பழையது.

"எனக்கு ஒன்று விளங்கவில்லை" என்றார். "இங்கே உங்கள் பொறுப்பாளர் எழுதியிருக்கிறார். ஓர்டர் அலுவலக வேலைக்கு உங்களைப் பயிற்ற விரும்புகிறார், படிப்புச் செலவு மருத்துவமனையுடையது என்று. கீழே பாருங்கள். பணியாளர் விரும்பவில்லை. உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. அப்போது தந்ததை வேண்டாம் என்றீர்கள். இப்போது மூன்று நாளாக அலுவலக வேலை கேட்டு வருகிறீர்கள்."

கையெழுத்து என்னுடையதுதான். அந்த அறை நினைவுக்கு வந்தது. பொறுப்பாளர் மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு, முன்னால் சரிந்து என்னிடம் ஏதோ கேட்டார். நான் சிரித்துக்கொண்டு, "வேண்டாம், மற்றவர்கள் இருக்கிறார்களே" என்று சொன்னேன். அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே போய், மறுபடி எப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். ஒரு கிழமை காத்திருந்தேன், ஒரு மாதம் காத்திருந்தேன். ஒருமுறை மட்டும் கேட்டது எனக்குக் கேட்டதாகவே படவில்லை. அதனால்தான் அது என் நினைவிலிருந்தே போய்விட்டது. அவர் மற்றவளுக்குக் கொடுத்தது மட்டும் நின்றது.

எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்போதும் எனக்கு அந்த வேலை வேண்டுமென்றுதான் இருந்தது" என்றேன். "மரியாதைக்காக வேண்டாம் என்றேன். பிழை என்னுடையது. இந்த முறை மரியாதை இல்லாமலே சொல்கிறேன். எனக்கு இந்த இடம் வேண்டும். இன்றைக்கே வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள்."

அவர் அரைக்கைச் சட்டையின் கழுத்தைச் சரிசெய்தார். யாருக்கோ தொலைபேசி எடுத்தார். ஓர்டர் அலுவலகம் அல்ல, அங்கே இடமில்லை. தன்னுடைய பிரிவிலேயே, தனக்கு எதிர்மேசையில் இடம் தரலாம் என்றார். "திங்கட்கிழமை ஏழரைக்கு வரமுடியுமா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். அவர் கேட்டு முடித்தாரோ இல்லையோ தெரியாது.

அங்கே எனக்குத் தந்த முதல் பெரிய வேலை கடிதம் எழுதுவது. மார்கழியில் ஓய்வுபெற்ற பணியாளர்களைக் கூப்பிட்டுக் கோப்பியும் கேக்கும் கொடுப்பார்கள். அழைப்பிதழ்களை அச்சடித்து உறைகளில் போடும்போது அந்தப் பொறுப்பாளரின் பெயர் வந்தது. அந்த உறையை ஒட்டாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

வந்தார். தள்ளிக்கொண்டு நடக்கும் சக்கரச் சட்டத்தோடு, தலை முழுக்க நரைத்து. நான்தான் கதவில் நின்று பெயர்களைக் குறித்தேன். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார். சமையலறையில் வருடக் கணக்காகக் காலையில் ஆட்டியதும் அப்படித்தான், அதற்கு மேல் ஒரு சொல் இல்லாமல். அவர் இருந்த மேசைக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அந்த ஓர்டர் அலுவலக வேலை எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு அந்தப் படிப்பைத் தரமாட்டோம் என்று மேலே சொன்னார்கள்" என்றார். "உங்கள் ஜெர்மன் போதாது என்றார்கள். நான் இரண்டு மாதம் அவர்களோடு சண்டை பிடித்தேன். வாங்கிக்கொண்டு வந்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றீர்கள். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. இனி உங்களிடம் எதையும் கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்."

எனக்காக ஒருவர் இந்த நாட்டில் சண்டை பிடித்திருக்கிறார். அவரைத்தான் நான் பதினொரு வருடம் திட்டினேன். வெட்கமாக இருந்தது. இந்த முறை அழுகையை நிறுத்த முயலவில்லை. கோப்பி வேண்டாம் என்று சொல்லும் எங்கள் கதையை அழுதுகொண்டே சொன்னேன். அவர் இடையில் ஒருமுறை சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

"இதை எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நான்தான் சொல்லியிருக்க வேண்டும்."

மேசைக்குக் கேக் வந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். படிப்பு எப்போது முடியும் என்று கேட்டார். கோடையில் பரீட்சை என்றேன். நம்பர் கேட்டேன், கைத்தொலைபேசி எல்லாம் தனக்குச் சரிவராது, காதும் மந்தம் என்றார். அவர் எழும்ப ஆயத்தமானபோது எனக்குத் தைரியம் வந்தது.

"சான்றிதழ் வந்ததும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். அவ்வளவு தூரம் எதற்கு? உங்களுக்கு வேலை இருக்கும்."

அவர் ஜெர்மன்காரர். வேண்டாம் என்றால் வேண்டாமாகவே இருக்கலாம். ஆனாலும் நான் எழும்பவில்லை.

"நான் கொண்டுவரட்டுமா?" என்று மறுபடி கேட்டேன்.

அவர் கைப்பையைத் திறந்து பேனையைத் தேடி எடுத்தார். கேக்கோடு வந்த கடதாசித் துவாலையை விரித்து, பெரிய எழுத்தில் விலாசத்தை எழுதித் தந்தார்.

கோடையில் நான் சித்தியடைந்தேன். சான்றிதழை முதலில் அங்கேதான் கொண்டுபோனேன்.